கை நின்ற இடம்

முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்து வீட்டு அக்காவின் குரல்தான் இன்னும் என் காதில் விழுகிறது. அக்கா சிங்களத்தில் நாவல் எழுதியவர். கொழும்பில் புத்தகம் படிக்கிறவர்களுக்கு அவர் பெயர் தெரியுமாம். மோகனூரில் அவர் 'சிலோன்காரம்மா', அவ்வளவுதான். எங்கள் தெருவில் அவர் எழுதியதில் ஒரு வரி படிக்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை, அவர் பெற்ற மகன் உட்பட.

முதல் நாவல் வந்து பேர் எடுத்த சமயத்தில், கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போயிருந்த எங்கள் ஊர்க்காரரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிறந்த வீட்டார் இனி முகத்தில் விழிக்காதே என்றுவிட்டார்கள். அடுத்த நாவல்களெல்லாம் இந்தக் காவிரிக்கரையில் எழுதி, பார்சலில் கொழும்புக்குப் போனவை. புத்தகமாகித் திரும்பி வரும். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைப்பார். காட்டுவதற்கு ஆள் வேண்டாமா? கணவரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார்.

நான் சர்க்கரை ஆலை அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒரு சாயங்காலம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது அக்கா கையில் தாள்களோடு வந்தார். எங்கள் ஊர்ப் பழக்கம் ஒட்டிக்கொண்டு, அவரும் என்னைச் செல்லமாகச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்.

"சாமி, நான் படிக்கறேன், நீ சும்மா உக்காந்து கேக்கறியா?"

"எனக்கு ஒரு எழவும் புரியாதுங்கக்கா."

"புரியாட்டிப் பரவால்ல. எதுத்தாப்புல ஒரு மூஞ்சி வேணும்."

நான் முறத்தை நகர்த்தி, எதிரே அவருக்கு இடம் விட்டேன்.

அது வருஷக்கணக்கில் நடந்தது. அவர் படிப்பார், நான் உரிப்பேன். நான் கொட்டாவி விட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார். மறுநாள் அந்தப் பக்கம் இளைத்திருக்கும். எப்போதாவது குரல் தாழ்ந்து தாழ்ந்து போய், ஓரிடத்தில் என் கை தானாக நின்றுவிடும். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அக்காவுக்கு முகமெல்லாம் பூரித்துவிடும். "கை நின்னு போச்சு பாத்தியா! அந்த எடத்த இனித் தொடமாட்டேன்" என்பார். என் வீட்டுக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. "என்ன புரியுதுன்னு மண்டைய ஆட்டற?" என்பார். "நீங்க ரேடியோவுல இந்திப் பாட்டு கேக்கறீங்களே, புரிஞ்சா கேக்கறீங்க?" என்று வாயை அடைத்துவிட்டேன்.

இலங்கையில் சண்டை மூண்டபோது தெருவில் சிலர் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கடைக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் 'சிங்களத்தி' என்றார்கள். அங்கேயும் அவரை விட்டுவைக்கவில்லை. தமிழனோடு போனவளுக்கு நம் கதை எதற்கு என்று கேட்டார்களாம். "அங்க நான் தமிழன் பொண்டாட்டி, இங்க சிங்களத்தி. எழுதறப்ப மட்டுந்தான் சாமி யாரோடயோ இருக்கற மாதிரி இருக்குது" என்றார். அன்றைக்கு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு இருவரும் அழுதோம்.

போன ஐப்பசியில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. கண் விழித்தபோது தமிழ் மொத்தமும் போயிருந்தது; சிங்களம் மட்டும் மிச்சம். வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, படுத்தபடியே பேசிக்கொண்டிருந்தார். கோவையிலிருந்து வந்திருந்த மகன் தண்ணீரைக் காட்டினான், மாத்திரையைக் காட்டினான். போனில் மொழிபெயர்க்கப் பார்த்தான். குழறிய பேச்சு அதற்கும் பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று சின்ன வயதிலேயே அந்த மொழி வேண்டாமென்றவன் அவன்.

"சித்தி, அம்மா எங்கிட்ட என்னமோ கேட்டுக்கிட்டே இருக்கறாங்க. கடைசீலகூட எனக்குப் புரியலைங்களே" என்று தேம்பினான்.

எனக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் எனக்குத் தெரியும். "ஒண்ணும் கேக்கல சாமி. அம்மா படிக்கறாங்க. எதுத்தாப்புல நீ உக்காரு, போதும்" என்று சொல்லி, முறத்தை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தேன். நான் சொன்னது சரிதானா என்று இன்றைக்கும் தெரியாது.

அவனுக்கு வெங்காயம் உரிக்கக்கூட வரவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுக உரித்தான். அக்கா பேசிக்கொண்டே போனார். ஓரிடத்தில் குரல் தாழ்ந்தது. அவன் கை நின்றது. அக்கா அதைப் பார்த்துவிட்டார். கோணியிருந்த வாயில் பாதிச் சிரிப்பு வந்தது. அதற்கு மேல் அவர் பேசவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

புத்தகங்களை மகன் கோவைக்கு எடுத்துக்கொண்டு போனான். அந்த வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. என் வீட்டுக்காரரும் இப்போது இல்லை. தனியாளுக்கு எத்தனை வெங்காயம் வேண்டும்? இருந்தாலும் சாயங்காலமானால் முறம் நிறையக் கொட்டிக்கொண்டு உட்காருகிறேன். உரித்து முடிக்கும் வரை என் கை எங்கும் நிற்பதில்லை.