மாரிமுத்துவுக்கு நான் வைத்த முகம்

பசித்த ஒரு மனிதரைப் பெருச்சாளியாக வரைந்து, ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்தவன் நான். இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஜப்பானியர் ஆண்ட காலம். மலாக்கா நகரின் காஜா பெராங் பகுதியில், கல்லில் படம் எழுதி அச்சிடும் ஓர் அச்சகத்தில் இருந்தேன். பாதிரியார் ஒருவர் விட்டுச்சென்ற பிரெஞ்சுக் கேலிப்படத் தொகுப்பைப் பார்த்துத்தான் கை பழகினேன். ஏழைகளின் கூடைகளை விழுங்கும் பூதமாகத் தன் அரசனையே வரைந்து சிறைக்குப் போன ஓவியரின் படமும் அதில் இருந்தது. நானும் அவர் வழி வந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்... எவ்வளவு பெரிய பொய்!

பங்கீட்டுக் கடை முதலாளி அளவு டின்னை நசுக்கி வைத்து அரிசி அளந்தார். மூட்டை தூக்கும் மாரிமுத்து ஒருவர்தான் வரிசையில் நின்று அதை உரக்கத் தட்டிக் கேட்டார். உடனே முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“அவன் மூஞ்சிய வெச்சு ஒரு படம் போடுப்பா. அரிசி திருடுற பெருச்சாளி மாதிரி. இனி அவன் பேச்ச எவனும் நம்பக்கூடாது.”

மறுத்திருக்கலாம் அல்லவா? என் வீட்டிலும் மரவள்ளிக் கிழங்குதான். ஆனால் பசியைக் காரணம் காட்ட மாட்டேன். உண்மை வேறு... முதலாளி என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசினார். நான் கூலிகளைச் சேர்ந்தவன் அல்ல என்று அன்று எனக்குத் தோன்றியது. அது போதுமாயிருந்தது.

துருத்திய முன்பல்லோடு மாரிமுத்துவின் முகத்தைப் பெருச்சாளிக்கு வைத்தேன். பக்கத்துத் தெங்கேரா வரை சுவர்களில் ஒட்டினார்கள். கூலிகளும் சிரித்தார்கள்.

பிறகு ஜப்பானியர் சியாமில் ரயில் பாதை போடக் கட்டாயமாக ஆள் பிடித்தார்கள். ஒளிய இடம் கேட்டு மாரிமுத்து வீடு வீடாகப் போனார். “பெருச்சாளிக்கு இங்க எடமில்ல” என்று கதவைச் சாத்தினார்கள். லாரியில் ஏற்றப்பட்டவர் திரும்பவே இல்லை.

போர் முடிந்ததும் அவர் மனைவி லெட்சுமி அச்சகத்துக்கு வந்தார். வரைந்தது யார் என்று அவருக்குத் தெரியாது.

“அண்ணே, அவுங்கள போட்டோ புடிச்சதே இல்ல. அந்தப் பெருச்சாளிப் படம் ஒண்ணு இருந்தா குடுங்க. மொகம் மட்டும் அப்படியே அவுங்கதான். புள்ளைக்குக் காட்டணும்.”

என் கைவேலை என்று தெரிந்துவிடுமோ என்று பயந்து அந்தப் படங்கள் எல்லாவற்றையும் எரித்திருந்தேன். “நாளைக்கு வாங்கம்மா, புதுசா வரைஞ்சு தரேன்” என்றேன்.

அன்று முழுவதும் தாளின் முன் உட்கார்ந்திருந்தேன். மனித முகமாக வரைய முயன்றேன்... ஒவ்வொரு முறையும் பெருச்சாளிதான் வந்தது. அவரை நான் ஒருநாளாவது மனிதராகப் பார்த்திருந்தேனா?

மறுநாள் லெட்சுமியின் குரல் கேட்டதும் பின்வாசல் வழியே வெளியேறிவிட்டேன். அச்சகம் அடைக்கும்வரை பிள்ளையோடு காத்திருந்தாராம்.