போர்மேன் மாணிக்கம் தொலைத்த சீட்டு

இன்று செப்டம்பர் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகின்றன. வியாழக்கிழமை காலை, ரிங்லெட்டில் டயர் கடை வைத்திருக்கும் குமார் தொலைபேசியில் அழைத்து, "டீச்சர், போர்மேன் போயிட்டாரு" என்றார். எந்தப் போர்மேன் என்று கேட்டேன். எங்கள் மலையில் கார் பழுது பார்ப்பவர் எல்லோரும் போர்மேன்தான். "அதான் டீச்சர், ஒங்க தம்பி காரக் கெடுத்தாரே, மாணிக்கம். அவருதான்."

நாற்பது ஆண்டு உழைத்த ஒருவரை அடையாளம் காட்ட இந்த ஊரிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாக்கியம். அதைத் திருத்துவதற்காகவே எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி எழுதும்போது அவர் எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பார் என்று எழுதுவது வழக்கம். மாணிக்கம் சிரிக்க மாட்டார். சிரிக்கும்படியான எதையும் நாம் அவருக்குச் செய்யவுமில்லை.

நாங்கள் இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். என் அப்பா கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர். அவருடைய அம்மா கொழுந்து பறித்தவர். நான் கோலாலம்பூருக்குப் போய் இயற்பியல் படித்துவிட்டுத் தானா ராத்தாவில் ஆசிரியையானேன். என்னைவிட ஐந்து வயது இளையவரான அவர் தேயிலை ஆலையின் எஞ்சின் அறைக்குப் போனார். பிறகு ரிங்லெட்டில் தகரக் கூரை போட்டுப் பட்டறை வைத்தார். அவர் என்னிடம் படித்தவர் அல்லர். நண்பர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் எனக்கில்லை.

அவர் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தமக்குச் சரியென்று படாத வேலையை வாடிக்கையாளர் வற்புறுத்திக் கேட்டால், நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதித் தரச் சொல்வார். ஒரு நாள் திரிங்காப்பிலிருந்து கோசு ஏற்றி வந்த ஒருவரோடு அவர் பேசியதை நானே கேட்டேன்.

"டயரு மொட்டையாப் போச்சிண்ணே. இத வெச்சிக்கிட்டு மலையடிவாரம் தாப்பாவுக்கு எறங்க முடியாது."

"ஒரு வாரம் தாங்கும் லா, மாணிக்கம்."

"அப்ப எழுதுங்க. மாணிக்கம் வேணாம்னு சொன்னான், நாந்தான் கேக்கலன்னு."

"என்னய்யா இது, போலீஸ் ஸ்டேஷனா?"

"அங்க அப்புறம் எழுதுவீங்க. மொதல்ல இங்க எழுதுங்க."

அந்த மனிதர் பேனாவைச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு டயரை மாற்றிக்கொண்டு போனார். பெரும்பாலோர் அப்படித்தான். மனம் மாறாமல் எழுதிக் கொடுத்த சிலரின் சீட்டுகள் சுவரில் ஒரு கம்பியில் குத்தப்பட்டிருக்கும். ஒரு வாஷரைக்கூடத் தொலைக்காத மனிதர், சீட்டையும் தொலைத்ததில்லை.

என் தம்பி தேவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மனைவி செல்வியோடு என் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். கூடவே, பழையதாக வாங்கிய, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றும் வந்தது. அறுபது வயதில் அது தேவையா என்று கேட்டேன். "இருபதுல நீ வாங்கித் தரலியே அக்கா" என்றான். ஓராண்டுக்குள் எஞ்சினை அணைக்கும்போதெல்லாம் அடியில் தட்டுகிற ஓசை கேட்கத் தொடங்கியது. மாணிக்கம் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்து, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சுழலும் கனத்த சக்கரமான பிளைவீல் போய்விட்டது என்றார்.

அந்தக் காரில் இருந்தது இரட்டைப் பிளைவீல். அதை அவர் தேவனுக்கு இப்படி விளக்கினார்: "ரெண்டு தட்டு. நடுவுல ஸ்பிரிங்கு. எஞ்சின் ஒதர்றத மொதத் தட்டு வாங்கும், ஸ்பிரிங்கு முழுங்கிரும், ரெண்டாவது தட்டுக்கு ஒதறல் போவாது. ஒங்க ஸ்பிரிங்கு செத்துப்போச்சு. இதுக்குப் பதிலா ஒத்தையும் போடலாம். ஒரே கட்டி, லேசு, கெட்டுப்போக உள்ள ஒண்ணும் இல்ல. மிதிச்சா சட்டுனு ஏறும், விட்டா சட்டுனு எறங்கும். ஆனா நம்ம ஊருக்கு ரெட்டைதான்."

நான் ஒற்றை என்றேன். சுழலும் எடை குறைந்தால் எஞ்சினின் வேகம் எளிதில் ஏறும். உடையும் உறுப்பும் இல்லை. அங்கேயே ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாணிக்கம் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, கடைசி வரிவரை பார்த்தார். பட்டறையில் வேறு நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

"கணக்கு சரிதான் டீச்சர். ஆனா ஒங்க கணக்குல காரு ஓடிக்கிட்டே இருக்கு. நம்ம ரோட்டுல காரு நிக்கும். ஏத்தத்துல நின்னு கெளம்பணும். லேசான சக்கரத்துக்கு அந்த நேரம் தம் கட்ட முடியாது, அணைஞ்சிடும்."

நான்கு பேரும் சிரித்தார்கள். மாணிக்கம் சிரிக்கவில்லை. தேவன் இரட்டையையே போடச் சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு திருமணத்துக்காகச் செல்வியோடு பினாங்கு போனான். ஒரு வாரம் கழித்துத் திரும்பியபோது காரில் ஒற்றைப் பிளைவீல் இருந்தது.

தேவனுக்கு வருத்தமில்லை. கார் துள்ளி ஓடியது. சும்மா நிற்கும்போது கியர்பாக்ஸ் கடகடத்தது. ஏற்றத்தில் கிளம்பும்போது அடிக்கடி அணைந்தது. பட்டறையைக் கடக்கையில், "என்ன போர்மேன், கடைசியில எங்கக்கா கணக்குதான் ஜெயிச்சிதா?" என்று கேட்டானாம். மாணிக்கம், "கெளம்பறப்ப கொஞ்சம் கூடுதலா மிதிங்க" என்று மட்டும் சொன்னாராம்.

ஆறாவது வாரம், மழை தூறிய ஒரு காலை, தோட்டத்துச் சாலையின் ஏற்றத்தில் ஏறி நெடுஞ்சாலைச் சந்தியில் நின்று, வலப்பக்கம் திரும்பினான் தேவன். நடுச்சாலையில் கார் அணைந்துவிட்டது. மேலேயிருந்து காய்கறி லோரி ஒன்று இறங்கி வந்தது. லோரி ஓட்டியவர் பிரேக்கை மிதித்தார் என்பதற்குச் சாலையில் தடம் இருந்தது. தேவனை வெளியே எடுக்கக் கதவை வெட்ட வேண்டியிருந்தது. மழையும் மூடுபனியும் ஈரச் சாலையும் அவனுடைய அவசரமும் சேர்ந்துதான் அவனைக் கொன்றன என்று வாதிடலாம். நான் நிறைய வாதிட்டுப் பார்த்துவிட்டேன். கார் ஓடியிருந்தால் அவன் கடந்திருப்பான்.

ஒன்பதாம் நாள் செல்வி பட்டறைக்குப் போனாள். நானும் உடன் போனேன்.

"எம் புருஷன் ரெட்டைதான போடச் சொன்னாரு? யாரக் கேட்டு ஒத்தைய மாட்டினீங்க?"

மாணிக்கம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"புடிக்காத வேலைக்குச் சீட்டு வாங்குவீங்களே. இதுக்கு எங்க சீட்டு? காட்டுங்க, நான் போயிர்றேன்."

"காணாமப் போச்சிம்மா" என்றார்.

கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரட்டை கிடைக்காமல் கையிலிருந்ததை மாட்டிவிட்டார் என்று மாலைக்குள் ரிங்லெட் முடிவு செய்தது. மறுநாள் பிரிஞ்சாங்கும் ஒப்புக்கொண்டது. கார்கள் வேறு பட்டறைகளுக்குப் போயின. ஒன்பது ஆண்டுகள் அவர் புல்வெட்டும் எந்திரங்களும் பூச்சிமருந்துப் பம்புகளும் பழுது பார்த்துப் பிழைத்தார். கோயில் திருவிழாவில் தேர் வண்டியின் சக்கரத்தைப் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஆண்டிலிருந்து அதுவும் நின்றது. வெள்ளிக்கிழமை அவரை எடுத்துப் போனபோது பதினொரு பேர் இருந்தோம். குமார் வந்திருந்தார். செல்வி வரவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். தேவனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மாணிக்கம் பின்வாசல் வழியாக வந்து, மடித்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். "எங்கிட்ட இருந்தா என்னைக்காவது கோவத்துல காட்டிருவேன். அந்தம்மாவுக்கு இனிமே இந்த வீடுதான். ஒரே வீட்டுல ரெண்டு பேரு இருக்கணும். நீங்களே வெச்சிக்கங்க டீச்சர். காட்டணும்னு தோணுனா நீங்க காட்டுங்க."

எனக்குத் தோன்றவில்லை. அவர் உயிரோடிருந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. செல்வி இப்போது அடுப்படியில் இருக்கிறாள். அச்சுக்குப் போகும் முன் இதை முதலில் படிக்கப்போகிறவள் அவள்தான். சீட்டையும் சேர்த்தே கொடுப்பேன்.

நாட்காட்டித் தாளின் பின்பக்கம், நீல மையில், இரண்டு வரிகள்: "மாணிக்கம் வேண்டாம் என்று சொன்னார். ஒற்றையே போடும்படி சொன்னது நான்." எழுத்தும் கையெழுத்தும் என்னுடையவை; தேவன் பினாங்கில் இருந்த வாரம் நான் தனியே பட்டறைக்குப் போய் எழுதிக் கொடுத்தது. தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒருவர் நான்கு பேர் முன்னால் கிராணி மகளின் கணக்கைத் திருத்தியதை என்னால் பொறுக்க முடியவில்லை. பேனா என் கையில் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பினாங்கிலிருந்து திரும்பிய தேவனிடம், மாணிக்கமே மனம் மாறி ஒற்றையைப் போட்டார் என்று சொன்னதும் நான்தான்.