சுஜியின் தட்டில் விழுந்த வட்டம்

சுஜியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், அவளைப் பற்றி நான் எழுதுவதை நீங்கள் கொஞ்சம் தள்ளுபடி செய்து படித்துக்கொள்ளலாம்.

கருங்கல் ஊர்ப் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவரின் மகள். நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் குமாரதாஸ் சாரிடம் என்னோடு ஆராய்ச்சி செய்கிறாள். இருவருக்கும் ஒரே செடி, நொச்சி. அதன் இலையிலுள்ள வேதிப்பொருள்கள் கிருமியைக் கொல்லுமா என்று பார்க்க வேண்டும். கிருமி வளர்த்த தட்டில், மெத்தனாலில் இறக்கிய இலைச்சாற்றைப் பொட்டளவு காகிதத்தில் தோய்த்துக் காயவிட்டு வைப்போம். சாற்றில் வீரியம் இருந்தால் அதைச் சுற்றிக் கிருமியில்லாத வட்டம் விழும். சுஜிக்குப் பதினெட்டு மில்லிமீட்டர் விழுந்தது. எனக்கு ஒன்றும் விழவில்லை. பெங்களூர்க் கருத்தரங்கில் வாசிக்க ஒருத்திக்குத்தான் இடம்.

"இலைய எப்பிடிட்டி காயவச்சே?" என்று கேட்டேன்.

"அப்பா ரப்பர் சீட்டு தொங்கப்போடுத கொடியிலதான், பிளஸ்ஸி. வெயிலு பட்டா சீட்டு கெட்டுப்போவும். இலையும் அப்பிடித்தானேன்னு நெழலுல போட்டேன். நீ?"

நான் மொட்டைமாடியில், அம்மா காயப்போட்ட கொப்பரைக்குப் பக்கத்தில், நாலு நாள் உச்சிவெயிலில் போட்டிருந்தேன். நொச்சியின் வாசமெல்லாம் காற்றோடு போயிருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. மெத்தனால் சரியாகக் காயாவிட்டால் அதுவே கிருமியைக் கொன்றுவிடும். வெறும் மெத்தனால் தோய்த்த காகிதத்தையும் கூட வைத்துப் பார்ப்பதுதான் முறை. சுஜி அதை மறந்திருந்தாள். அதற்கும் வட்டம் விழுந்தால் அவள் சோலி முடிந்தது.

சனிக்கிழமை யாருமில்லாத நேரம் பார்த்து, மூன்று தட்டுகளில் அவள் சாற்றையும் வெறும் மெத்தனாலையும் வைத்தேன். அவள் காயவிடும் அதே பத்து நிமிடம்தான் காயவிட்டேன். வட்டம் விழ ஜெபம்கூடச் செய்தேன். இப்படி ஒரு ஜெபத்தை ஆண்டவர் கேட்டிருக்க மாட்டார். ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டு ஓடிப்போய் அளந்தேன். அவள் சாற்றுக்கு மூன்றிலும் பதினெட்டு. மெத்தனாலுக்கு ஒன்றுமில்லை.

திங்கள்கிழமை நான் தட்டுகளைக் கழுவுவதற்குள் சார் பார்த்துவிட்டார்.

"சுஜிக்கு இது ஒண்ணுதான் கொறையா இருந்து. இனி யாரும் கேள்வி கேக்க முடியாது" என்றார்.

தட்டுகளில் என் கையெழுத்தில் அளவும் ஞாயிற்றுக்கிழமைத் தேதியும் இருந்தன. சுஜி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காவ கோயிலுக்கும் போவாம கெடந்தியா மக்கா?"

நான் கையை விடுவித்துக்கொண்டு தட்டுகளைக் கழுவப் போனேன். பெங்களூருக்கு அவள் போனாள். கட்டுரையில் தன் பெயருக்குப் பக்கத்திலேயே என் பெயரையும் போட்டிருந்தாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவளுக்கு விழுந்த வட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவள் நல்லவளாகவும் இருப்பதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.