பிள்ளை இல்லை என்ற ராத்தா

அக்காவுக்கு மருந்தேற்ற மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடி முஸ்லிம் பெண் ஒருவர் இருப்பார்; மூத்தவர் என்பதால் ராத்தா என்றே கூப்பிடுவேன். அக்காவைப் போலவே அவருக்கும் சூலகப் புற்றுநோய். உயரமான, வற்றிய உடம்பு. புருவம் உதிர்ந்திருந்ததால், மகள் வருவதற்கு முன் கறுப்புப் பென்சிலால் வரைந்துகொள்வார்.

ஒரு நாள் மகள் சுடுதண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம் டாக்டர் ராத்தாவிடம் வந்தார்.

"இது பரம்பரையா வரக்கூடியது. உங்களுக்குப் பொம்பிளைப் பிள்ளைகள் இருக்கா?"

"இல்ல, டாக்டர்."

அவர் போனதும் ராத்தா என் பக்கம் திரும்பினார்.

"உடம்புல வாற பழுதத் திருத்துற ஜீன் எனக்குப் பிறவியிலேயே பழுதாம், தங்கச்சி. பிள்ளைக்கும் இருந்தா ரத்தத்துல காட்டுமாம். வாற மாசம் அவக்குக் கலியாணம். மாப்பிள்ள வீட்டார் அறிஞ்சா விட்டுருவாங்க."

"முந்தியே தெரிஞ்சா அவவக் காப்பாத்தலாமே, ராத்தா."

"ஓம். என்ட உம்மாவும் வயித்து நோவுலதான் மவுத்தாப் போனா. எனக்கு ஆரும் ஒண்டும் சொல்லல்ல. இவ்வளவு காலம் பயமில்லாம இருந்தன்தானே."

மகள் சுடுதண்ணீரோடு வந்தாள். ராத்தா சிரித்துக்கொண்டே பிளாஸ்கை வாங்கினார்.

அடுத்த முறை போனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். ராத்தா மவுத்தாகிவிட்டதாக நேர்ஸ் சொன்னார். பரம்பரை நோய் என்பதை மகளிடம் சொல்லிவிட்டுப் போனாரா என்று கேட்க எனக்கு ஆளில்லை.

பஸ் காத்தான்குடியைத் தாண்டும்போது இப்போதும் யன்னலால் பார்க்கிறேன். அந்தப் பிள்ளையைக் கண்டால் இறங்குவேனா என்று எனக்கே தெரியவில்லை.