பள்ளிவாசல் முனை: எஸ்.ஐ. சாகுல் ஹமீது

செய்தி வந்தபோது நான் நெல் கொள்முதல் நிலையத்தில் இருந்தேன். சம்பா நெல்லைக் கொட்டிவிட்டு மூன்று நாளாகக் காத்துக் கிடந்தேன். ஈரம் கூடுதலாக இருக்கிறது, இன்னும் ஒரு வெயில் காயட்டும் என்று சொல்லியிருந்தார்கள். போன் அடித்தது. ஹமீது ஐயாவின் மகன். "மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சு அடக்கம். உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு" என்றார். வருகிறேன் தம்பி என்றேன். பக்கத்துக் குவியல்காரரிடம் நெல்லைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பாபநாசத்துக்கு பஸ் ஏறினேன்.

இந்தப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்களில் என்னைப் போல வேலை பார்த்து ஓய்வு பெற்ற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி, சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருட சர்வீஸ். அதில் கடைசி நான்கு வருடம் நாங்கள் ஒரே ஸ்டேஷன். ஊர்ப் பெயர் வேண்டாம். அவர் எஸ்.ஐ., நான் ஸ்டேஷனின் எழுத்து வேலைகளைப் பார்க்கும் ஏட்டு. எல்லோரையும் போல அவரும் என்னை ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்.

அவர் வந்த வருடம் ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிகளுக்குச் சந்தனம் வைக்கலாமா, அவர் இருக்கும்போது எப்படி என்று காவலர்கள் தயங்கிக்கொண்டு நின்றார்கள். அவரே எழுந்து வந்தார். "ஏன் என் மூஞ்சியப் பாக்கறீங்க? பூஜையை நீங்க போடுங்க, பொரிகடலையை நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்னபடி ஒரு பை நிறைய வாங்கியும் வந்தார். எல்லோரும் சிரித்தோம். அடுத்தவர் சங்கடத்தைத் தீர்த்து வைக்கிற வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

தீபாவளி, பொங்கல் என்றால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஸ்டேஷனில் அவர் உட்காருவார். ரம்ஜான் வந்தால் அவருக்குத்தான் ஈத்கா மைதானத்தில் டூட்டி. உள்ளே தொழுகை நடக்கும். இவர் வெளியே, கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில், தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்பார். "இன்று ஒருநாள் நான் நிற்கிறேன் ஐயா, நீங்கள் போய்த் தொழுங்கள்" என்று எங்களில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

"பள்ளிவாசல் தெருவுல என்னை சார்ங்கறாங்க, கோயில் தெருவுல பாய்ங்கறாங்க. பேரு சொல்லிக் கூப்பிடத்தான் ஆளைக் காணோம்" என்று ஒருமுறை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. காலையிலிருந்து நின்ற மனிதர் கால் வலியைச் சொல்வது மாதிரி சொன்னார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். விநாயகர் ஊர்வலத்துக்கு யார் எங்கே நிற்பது என்று பந்தோபஸ்துப் பட்டியல் போடுவோம். பட்டியல் என்ன பட்டியல், போன வருடத்துக் கோப்பை எடுத்துத் தேதியை மாற்றி எழுதுவதுதான். மாற்றலாகிப் போனவர் பெயரை அடித்துவிட்டு வந்தவர் பெயரைப் போடுவோம். ஒரு வரி மட்டும் மாறாது: பள்ளிவாசல் முனை, எஸ்.ஐ. சாகுல் ஹமீது. அவர் வேலை பார்த்த ஊர்களிலெல்லாம் அப்படித்தானாம். எந்த ஊருக்கு மாற்றினாலும் அவருக்கென்று ஒரு பள்ளிவாசல் முனை காத்திருந்தது. "உங்கள் ஆட்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்கள்" என்று மேலதிகாரிகள் அவரிடம் சொல்வார்கள். வேறு யார் ஆட்களையும் யாரும் அப்படிக் கணக்குப் பார்த்ததில்லை.

ஓய்வு பெறும் வருடம் என் மேஜைக்கு வந்தார். "ரைட்டர், இந்தத் தடவை என்னைப் படித்துறைல போடுங்களேன். இத்தனை வருஷமா ஊர்வலம் என்னைத் தாண்டிப் போறதத்தான் பாத்திருக்கேன். சிலையை ஆத்துல எறக்கறத ஒரு தடவைகூடப் பாத்ததில்லை. மத்த எஸ்.ஐ.ங்க நிக்கற எடத்துல நானும் ஒருநாள் நின்னுட்டுப் போறேன்."

டி.எஸ்.பி. ஐயாவிடம் கேட்டுப் போடுகிறேன் என்றேன்.

கேட்கவில்லை. இரண்டு நாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த முனையில் ஏதாவது நடந்துவிட்டால் பட்டியலை மாற்றியது யார் என்று என்னைத்தான் கேட்பார்கள். எனக்கும் ஓய்வுக்கு நாலைந்து வருடம்தான் இருந்தது. பழைய வரியையே எழுதினேன். ஊர்வலத்தன்று எல்லோரும் வரிசையில் நிற்க நானே அதை வாசித்தேன். தன் பெயர் வந்ததும் "யெஸ்" என்றார், எப்போதும் போல. வரிசை கலைந்ததும் அருகில் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "கேட்டேன் ஐயா, டி.எஸ்.பி. ஒத்துக்கல" என்றேன். என் தோளைத் தட்டி, "பரவால்ல விடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று சாயங்காலம் அந்த முனையைக் கடந்தபோது பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் பள்ளிவாசல், முகத்துக்கு நேரே மேளமும் கூட்டமும். ஒரு கையை உயர்த்தி நகருங்க, நகருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சின்னத் தள்ளுமுள்ளுகூட நடக்கவில்லை. மறுபடி அந்தப் பக்கம் பார்க்க எனக்கு முகமில்லை. ஆற்றில் மேட்டூர்த் தண்ணீர் கரை நிறைய ஓடியது. சிலையை இறக்கும்போது படித்துறையில் நான்தான் நின்றேன்.

அடக்கம் முடிந்து வீட்டு வாசலில் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். நடந்ததை மகனிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் தன் மாமனாரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். "இவங்கதான் அந்த ரைட்டர் மாமா. அத்தா அடிக்கடி சொல்வாங்க. முப்பத்தஞ்சு வருஷத்துல எனக்காக மேலதிகாரிகிட்டப் போய்க் கேட்ட ஒரே ஆளு அவருதான்னு."

பெரியவர் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

ஹமீது ஐயாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நன்றிதான். நான் செய்யாத காரியத்துக்கு, கடைசிவரை, வீட்டில் உட்கார்ந்து எனக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்த நன்றி. அவரைத் தெரிந்த உங்கள் முன்னால் இதையாவது சொல்லிவிடுகிறேன். டி.எஸ்.பி. மறுக்கவில்லை ஐயா. நான் கேட்கவே இல்லை.