அப்பா பதியாமல் விட்ட ஒரு பிறப்பு

எங்கள் அப்பா கண்மூடி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகளாக இதை எழுதுகிறேன். ஒரே மகள் என்பது சரிதான். ஒரே பிள்ளை என்றும் நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்பா வடமராட்சியில் பிறந்தவர். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தில், பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றார். யாராவது பிறப்புச் சான்றிதழ் என்று வந்து நின்றால் சாப்பாட்டுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போவார். அம்மா காலமான பிறகு நியூசிலாந்துக்கு, ஒக்லாந்து நகரின் ஏவன்டேலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வந்தார்.

இங்கே அவருக்குக் கதைக்க ஆள் இல்லை. நானும் கணவரும் காலையில் ரயில் ஏறினால் மாலையில்தான் திரும்புவோம். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒரு சொல் பதில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவார்கள். ஞாயிறு சந்தையில் கீரை விற்பவரோடு பத்து நிமிடம் கதைப்பதுதான் அவருடைய ஒரு வாரத்துக் கதை.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி தனியே இருந்தார். அவருடைய முன்னோர் இங்கிலாந்தில் ஒரு பட்டிக்காட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அந்த ஊர்த் தேவாலயத்தின் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் படம்பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அந்தக் கோணல் எழுத்தை வாசித்துத் தட்டச்சு செய்யத் தொண்டர்கள் தேவைப்பட்டார்கள். மூதாட்டிக்குக் கண் மங்கல், அப்பாவைக் கேட்டார். அப்பாவுக்குப் பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்த மாதிரி. பின்னேரங்களில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒருநாளும் காணாத ஊரின் கொல்லன், பண்ணைக் கூலி, விதவை என்று எல்லோரையும் பதிந்தார்.

"இண்டைக்கு ஒரு கலியாணம்" என்பார் எங்களிடம்.

"ஆருக்கு மாமா?" என்று என் கணவர் பதறுவார்.

ஒருநாள் அப்பா பிழை விட்டார். ஒரே தாய் தகப்பனுக்கு வில்லியம் என்ற பெயரில் இரண்டு ஞானஸ்நானப் பதிவுகள் இருந்தன. பாதிரியார் ஒரே பிள்ளையை இரண்டு தரம் எழுதிவிட்டார் என்று முடிவுகட்டி, முதலாவதை நீக்கிவிட்டார். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள் என்று நம் ஆட்களில் யாருக்குத் தோன்றும்?

மூதாட்டி வந்து, "அவர்கள் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஒன்பது நாளில் இறந்துவிட்டான். இளையவன்தான் என் கொள்ளுப்பாட்டன்" என்றாராம். அடக்கப் பதிவேட்டில் தேடினால் இருந்தது: வில்லியம், வயது ஒன்பது நாள்.

அன்று நான் வேலையால் வந்தபோது அப்பா கணினியை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

"பிள்ளை, உனக்கு முதல் ஒரு பெடியன் பிறந்தவன்."

"என்னப்பா சொல்லுறியள்?"

"சண்டையில இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில இருக்கேக்க. பதினொரு நாள் இருந்தவன். முப்பத்தோராம் நாள்தானே பேர் வைக்கிறது. பேர் இல்லாமலே போயிட்டான். கச்சேரியும் பூட்டு. ஊர்ப் பிள்ளையள் எல்லாரையும் பதிஞ்ச நான், என்ர பிள்ளையைப் பதியேல்லை."

எனக்குத் தலையிடி. சமையல் அப்படியே கிடந்தது. சின்னவனை நீச்சல் வகுப்புக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். "இப்ப ஏனப்பா உந்தக் கதை?" என்றுவிட்டு அடுப்படிக்குப் போனேன். அப்பா கணினியைத் திறந்து அந்த மூத்த வில்லியத்தைத் திரும்பப் பதிந்தார். அதன்பின் என் அண்ணாவைப் பற்றி அவர் வாய் திறக்கவேயில்லை. மூதாட்டியும் முதியோர் இல்லத்துக்குப் போனார். மருத்துவமனைக்குப் போகும் வாரம் வரை அப்பா தனியே இருந்து அந்த ஊரைப் பதிந்துகொண்டிருந்தார். அவரை நினைத்தால் எனக்குக் கணினி முன் குனிந்திருந்த அந்த முதுகுதான் தெரிகிறது.

மருத்துவமனைக்கு முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த ஒனிஹங்காவில் இருக்கும் நண்பர்களுக்கும், கிரியைகளைச் செய்து தந்த ஐயாவுக்கும், கடல் கடந்து வந்து எங்களோடு நின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இந்த மலரின் வம்சாவளிப் பக்கத்தில் என் பெயருக்கு மேலே "மகன், பதினொரு நாள்" என்று இருக்கிறது. அச்சுப் பிழை அல்ல. அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்கள் பெற்றோருடன் தங்கியிருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், அவன் என்ன கிழமை பிறந்தான், யாருடைய சாயல், எங்கே அடக்கம் செய்தார்கள் என்று தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். அன்றைக்குப் பிறகு அப்பாவிடம் கேட்க எனக்கு மூன்று ஆண்டுகள் இருந்தன. நான் கேட்கவில்லை.