1834-ஆம் வருடத்துக் கறை

என் வீட்டுக்காரரிடம் இருந்த பழைய அமெரிக்கத் தங்கக் காசுகளின் மொத்த எண்ணிக்கை ஒன்று. ஆனால் யாராவது கேட்டால், "பழைய அமெரிக்கத் தங்கக் காசு சேகரிக்கிறேனுங்க" என்றுதான் சொல்வார். ஒரே ஒரு காசை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நான் கிண்டல் செய்வேன். "கல்யாணங்கூட ஒண்ணுதான் பண்ணியிருக்கறேன். அதுக்காக நான் குடும்பஸ்தன் இல்லைன்னு ஆயிருமா அம்மிணி?" என்று கேட்பார்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவர் மெர்ச்சண்டைசர். அமெரிக்காவிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையர்களுக்குக் கடிதம் எழுதுவது, கலர் காட்டி ஒப்புதல் வாங்குவது, அவர்கள் ஓகே செய்த சாம்பிளைப் போலவே சரக்கும் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. நான் வேறொரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு பனியனையும் மேஜையில் விரித்துத் திருப்பிப் பார்ப்போம். ஓட்டை, பிசிறு, கறை எது இருந்தாலும் அந்த இடத்தில் குட்டிச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுவேன். கறை என்றால் அதன்மேல் மருந்தடிக்கும் ஸ்ப்ரே கன் வைத்திருக்கும் பெண்ணிடம் போகும். அங்கும் போகவில்லை என்றால் என்னிடம் வரும். என் கைக்கு வந்து போகாத கறை கிடையாது என்று செக்ஷனில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவருக்கு இந்தக் காசுப் பைத்தியம் பிடிக்க வைத்தவர் ஒரு அமெரிக்கப் பையர். வருடத்துக்கு இரண்டு முறை வந்துபோகும், நரைத்த தாடிக்காரர். ஒருநாள் சாயப்பட்டறைக்குப் போகும் வழியில், காருக்குள் தன் போனில் இருந்த காசுப் படங்களை இவருக்குக் காட்டியிருக்கிறார். அந்த நாட்டில் ஆரம்ப காலத்தில் அடித்த தங்கக் காசில், அதன்மேல் போட்டிருந்த விலையைவிட உள்ளே இருந்த தங்கத்தின் விலை கூடிப்போனதாம். ஜனங்கள் அள்ளிக்கொண்டு போய் உருக்கிவிட்டார்களாம். அதனால் 1834-இல் தங்கத்தைக் கொஞ்சம் குறைத்து, படத்தையும் மாற்றி அடித்திருக்கிறார்கள். அந்த வருடத்துக்கு முந்திய காசுகளில் உருகாமல் தப்பியவை கொஞ்சம்தான். அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் கண் அப்படி மின்னியது.

"உருக்குனா லாபம்னா உருக்காம என்ன பண்ணுவாங்களாம்?" என்று கேட்டேன்.

"அதானே அம்மிணி! அப்பிடியும் ஒருத்தன் உருக்காம வெச்சிருந்தானே, அவன நெனச்சுப் பாரு" என்றார். எனக்கு அவனை நினைத்துப் பார்க்க நேரமில்லை. குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு வீட்டில் ஆர்டர் பைல்கள் முளைத்தன. கம்பெனியில் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஒரு பைல் போடுவதுபோல, ஒவ்வொரு வருடத்துக் காசுக்கும் ஒரு பைல். உள்ளே கம்ப்யூட்டரில் எடுத்த படங்கள், அளவு, எடை, எந்த வருடம் என்ன மாற்றினார்கள் என்ற குறிப்பு. காசு மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயும் கையுமாக உட்கார்ந்து, இல்லாத காசுகளைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

கடைசியில் அந்த ஒரு காசு வந்தது, என் வளையல் வழியாக. தீபாவளி போனஸ் வாங்கிய மறுநாள் எனக்கு வளையல் எடுக்க நகைக்கடைக்குப் போனோம். வெளிநாட்டுக் காசு ஏதாவது உருக்க வந்தால் சொல்லச் சொல்லி அந்தக் கடைக்காரரிடம் இவர் முன்பே சொல்லி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. கடைக்காரர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சுருட்டை முடியும் தலையில் ஒரு பட்டையுமாக ஒரு பெண்ணின் முகம், சுற்றிலும் நட்சத்திரம், கீழே 1834. பின்பக்கம் காலில் அம்புகளைப் பிடித்த கழுகு. இவர் முகத்தைப் பார்த்ததுமே என் வளையல் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலதானுங்க வருது. வளையலும் பவுனு, இதுவும் பவுனு" என்றார் என்னிடம்.

"அப்ப இதக் கையில மாட்டிக்கிட்டு வேலைக்குப் போறனுங்க" என்றேன். வரும்போது வண்டியில் அவர் தோளைப் பிடிக்காமல் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்தேன். அவருக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை. சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு ஓட்டினார்.

ஆனால் அந்தக் காசு வந்த புதிதில் அவர் அடித்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. துணியை வட்டமாக வெட்டி எடை பார்க்கும் ஜி.எஸ்.எம். தராசில் அதை நிறுத்தார். இழை எண்ணும் மடக்கு லென்சை வைத்து நட்சத்திரங்களை எண்ணினார். பேக்கிங் செக்ஷனில் துணிக்குள் உடைந்த ஊசி இருக்கிறதா என்று பார்க்கும் மெஷினுக்குள் ஒரு குழந்தைச் சட்டையின் பையில் போட்டு அனுப்பினார். மெஷின் கத்தவில்லை. இரும்புக் கலப்பில்லை என்று அர்த்தம். அன்று சாயங்காலம் வாசலிலேயே, "பாஸ் ஆயிருச்சு அம்மிணி!" என்றார், பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி. ஒரு காகித உறையில் போட்டு, கார்ட்டன் பெட்டியில் வைக்கும் ஈரம் உறிஞ்சிப் பொட்டலம் இரண்டைத் துணைக்கு வைத்து, பீரோவில் என் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்தார்.

அந்தக் காசில் எனக்குப் பிடிக்காதது ஒன்று இருந்தது. அந்தப் பெண்ணின் உதட்டோரம் பழுப்பாய் ஒரு புள்ளி. கடுகில் பாதி இருக்கும். முகத்தைச் சுற்றிப் பள்ளங்களில் மங்கலாய் ஏதோ படிந்தும் இருந்தது. பார்க்கும்போதெல்லாம் என் விரல் ஸ்டிக்கரைத் தேடும். "இதெல்லாம் என் மேஜைக்கு வந்திருந்தா ரிஜெக்ட்தானுங்க" என்பேன். அவர் சிரித்துக்கொண்டு உறையை மூடிவிடுவார். விளக்கமாக ஒரு வார்த்தை அன்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து அந்தத் தாடிக்காரப் பையர் எங்கள் வீட்டுக்கே வருவதாக ஏற்பாடானது. அவரிடம் 1807-ஆம் வருடத்துக் காசு ஒன்று இருந்தது. உருகாமல் தப்பிய கூட்டத்தைச் சேர்ந்தது. யாரோ ஒரு காலத்தில் கழுத்தில் போட ஓட்டை போட்டுவிட்டதால் அவர்கள் ஊரில் அதற்கு மதிப்புக் குறைவாம். இவர் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, உன்னுடையதைக் கொடு, இதைத் தருகிறேன் என்று எழுதியிருந்தார். இவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. "முப்பத்துநாலுக்கு முந்துன காசு அம்மிணி. நம்மூட்டுக்கு வருது" என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்குச் சுண்ணாம்புகூட அடித்துவிட்டார். 1807 என்று எழுதி ஒரு காலிப் பைல் பல நாளாக அலமாரியில் இருந்தது. அதைத் துடைத்து முன்னால் எடுத்து வைத்தார்.

பையர் வருகிறார் என்றால் எங்கள் ஊரில் என்ன செய்வோம்? பிசிறு வெட்டுவோம். கறை எடுப்போம். ஒரு கறைக்காக மொத்த லாட்டும் திரும்பி வந்த கதை எத்தனை பார்த்திருக்கிறேன்! இவர் ஆசை ஆசையாய்க் காத்திருந்த ஒன்று என் கண்ணெதிரே ஒரு புள்ளியால் கைநழுவிப் போவதா? பையர் வரும் அன்று காலையில், இவர் இனிப்பு வாங்கப் போன நேரத்தில் உறையைப் பிரித்தேன். கம்பெனியிலிருந்து சின்ன பாட்டிலில் கொண்டுவந்த கறை எடுக்கும் திரவத்தைத் தொட்டு வைத்தேன். அசையவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளைப் பல்பொடியைக் குழைத்து, பனியன் வேஸ்ட் துணியில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். கால் மணி நேரத்தில் புள்ளி போயிற்று. பள்ளத்தில் இருந்த மங்கலும் போயிற்று. கழுவித் துடைத்துப் பார்த்தால் பளபளவென்று நேற்று அடித்த காசு. இவரிடம் சொல்லவில்லை. விருந்தாளி முன்னால் உறையைப் பிரிக்கும்போது இவர் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசை.

முகம் மாறத்தான் செய்தது. பையர் சோபாவில் உட்கார்ந்து, தன் காசை டீப்பாயில் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். இவர் உறையைச் சாய்த்துக் காசை உள்ளங்கையில் கொட்டினார். நான் காபித் தட்டோடு கதவோரம் நின்று, என்னைப் பார்ப்பார், சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காசை விரலால் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

பையர் இன்னும் கண்ணாடி போடவில்லை. காசை அப்படியே நீட்டியிருக்கலாம். இவர் நீட்டவில்லை. தன் மெர்ச்சண்டைசர் இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "சார், நான் உங்களுக்கு அனுப்பிய போட்டோவில் இருந்தபடி இப்போது இந்தக் காசு இல்லை. தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டிருக்கிறது."

பையர் கண்ணாடியைப் போட்டு, மடக்கு லென்சால் பார்த்தார். மெதுவாகத் தலையசைத்தார். நல்ல மனிதர், பரவாயில்லை, நட்புக்காக மாற்றிக்கொள்ளலாம் என்றார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ரூவ் செய்த சாம்பிள் ஒன்று, அனுப்பும் சரக்கு ஒன்று என்றால் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்டார். பையர் சிரிக்க முயன்றார். யார் சுத்தம் செய்தது என்று கேட்டபோது இவர், "எங்கள் வீட்டில்தான்" என்றார். யார் என்று சொல்லவில்லை. 1807 வந்த பைக்குள்ளேயே திரும்பிப் போனது. காபி ஆறிப்போனது.

கார் கிளம்பியதும் நான் கேட்டேன், "ஏனுங்க, கறையத்தானுங்க எடுத்தேன்?"

"அது கறையில்ல அம்மிணி. அதோட தோலு. நூத்தியெம்பது வருஷமா யாரும் கை வெக்கலைங்கறதுக்கு அதான் சாட்சி. அந்தாளு அதப் பாத்துத்தான் கேட்டாரு." லென்சைக் கொடுத்தார். பார்த்தேன். அந்தப் பெண்ணின் கன்னம் முழுக்க, வட்டம் வட்டமாக, மயிரிழைக் கீறல்கள். என் கைதான். எத்தனை பனியனில் பார்த்த வட்டம், எனக்குத் தெரியாதா?

"தெரியாமத் தேச்சுப்போட்டேனுங்க" என்று அழுதேன்.

"போச்சாது, போனாப் போகுது உடு" என்றார்.

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் வளையல் கதையை எடுத்திருப்பேன், இரண்டு பேரும் சத்தம் போட்டு, ராத்திரிக்குள் சரியாகியிருக்கும். அவர் திட்டவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பைல் புரட்டுவது மட்டும் நின்றுபோனது. டீயைக் குடித்துவிட்டு டி.வி. பார்த்தார். அந்த டி.வி. சத்தம் எனக்கு எவ்வளவு வலித்தது என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. சில வருடம் கழித்து அந்தப் பையர் ஓய்வு பெற்றார், காசுகளை எல்லாம் விற்றுவிட்டதாகக் கடிதம் வந்தது. இவர் படித்துவிட்டு, "நல்லாருக்கட்டும்" என்றார். 1807 பைல் காலியாகவே இருந்தது.

போன மாதம் ஒருநாள் பட்டுச் சேலைகளை வெயிலில் போட எடுத்தபோது உறை கையில் தட்டுப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வருடமாக அதைப் பிரிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அன்று என்னவோ பிரித்தேன். உதட்டோரம் ஏதோ தூசு. ஊதினேன், போகவில்லை. லென்சை எடுத்துவந்து ஜன்னலோரம் பார்த்தேன்.

அதே இடம். அதே பழுப்பு. கடுகில் கால்வாசிதான், ஆனால் அதேதான். தங்கத்தோடு கலந்த செம்பு அந்த இடத்தில் திரண்டிருக்கிறது, மேலே தேய்த்தாலும் அடியிலிருந்து மறுபடி வரும் என்று நான் தேய்த்த பிறகு ஒருநாள் அவர் சொல்லியிருந்தார். என்னைத் தேற்றச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். போன கறை திரும்பி வந்தால் எங்கள் செக்ஷனில் தலையில் கை வைத்துக்கொள்வோம். நான் ஜன்னலோரம் நின்று, லென்ஸ் நனைய, விக்கி விக்கி அழுதேன். இவ்வளவு சந்தோஷம் எனக்கு எந்த நகையிலும் வந்ததில்லை.

கைப்பையில் எப்போதும் கிடக்கும் ஸ்டிக்கர் தாளிலிருந்து ஒரு சிவப்பு அம்புக்குறியைப் பிய்த்து உறையின் மேல் ஒட்டினேன். அவர் மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தார். நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. நான் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தேன், ஒரு மூடி போதும் என்ற இடத்தில் இரண்டு மூடி.

அடுப்படிக்கு வந்து உறையை மேடையில் வைத்தார். "பசிக்குது அம்மிணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், பையர்களுக்கு எழுதும் அதே குண்டுக் கையெழுத்தில் எழுதியிருந்தார்: "சாம்பிளில் உள்ளபடியே உள்ளது. அப்ரூவ்டு." கீழே கையெழுத்து, தேதி.

காசைத் திருப்பிப் பார்த்தேன். என் கீறல்கள் எல்லாம் அப்படியே கன்னத்தில் இருந்தன. அவை அவர் கண்ணில் படாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. இத்தனை வருடச் சர்வீஸில் அந்த மனிதர் பொய்யாய் அப்ரூவல் போட்டது அது ஒன்றுதான்.